அபராதம் வாகன ஓட்டிக்கு மட்டும்தானா?

பாஸ்டேக் இல்லாமலோ, செல்லாத பாஸ்டேக்குடனோ டோல்கேட்டுக்குள் நுழைந்தால் ரொக்கத்தில் இரு மடங்கு. யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு. 2025 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த இந்தத் திருத்தத்தைச் சலுகை என்கிறார்கள். நூறு ரூபாய் கட்ட வேண்டியவன் 125 கட்டுவது எந்த ஊர்ச் சலுகை?

சென்னையிலிருந்து திருப்பதிக்குக் காரில் போகிறவர்களுக்கு வடமாலபேட்டையை ஒட்டிய எஸ்.வி.புரம் டோல்கேட் தெரிந்திருக்கும். 2022 அக்டோபரில், திருப்பதியில் சட்டத் தேர்வு எழுதிவிட்டுத் திரும்பிய தமிழ்நாட்டு மாணவர்களின் கார் அங்கே நின்றுபோனது. பாஸ்டேக் வேலை செய்யவில்லை. வாய்ச்சண்டை கைகலப்பானது, உள்ளூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைப் பார்த்து மறித்தார்கள். காணொலி பரவியதும் தமிழர்–தெலுங்கர் தகராறு என்று பேசித் தீர்த்துவிட்டோம். மொழிக்கு இதில் என்ன வேலை? கணக்கில் பணம் இருந்து, சாவடியின் கருவி படிக்காவிட்டால் வண்டியைக் கட்டணமின்றி விட்டுப் பூஜ்ய ரசீது தரவேண்டும் என்று 2018 மே மாதமே மத்திய அரசு விதி செய்துவிட்டது. இருப்பு இல்லையா, கருவியில் கோளாறா என்று பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கே அந்த இடத்தில் விதி கைகொடுக்கவில்லை என்றால், மதனப்பள்ளியிலிருந்து கோயம்பேட்டுக்குத் தக்காளி ஏற்றிவரும் ஓட்டுநர் யாரிடம் போய்ச் சட்டம் பேசுவார்?

மஞ்சள் கோடு யாருக்காவது நினைவிருக்கிறதா? 2021 மே மாதம் நெடுஞ்சாலை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு வண்டிக்குப் பத்து நொடிக்கு மேல் ஆகக்கூடாது. சாவடியிலிருந்து நூறு மீட்டரில் மஞ்சள் கோடு. வரிசை அதைத் தாண்டினால், மீண்டும் கோட்டுக்குள் சுருங்கும்வரை கட்டணமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மீட்டருக்குள் ஏறக்குறைய இருபது கார்கள் நிற்கும். பத்து நொடி வீதம் 200 நொடி. அதாவது, குடிமகன் காத்திருக்க வேண்டிய உச்ச அளவு மூன்றரை நிமிடம்கூட இல்லை! 2024-இல் அதை ஓசையில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் அப்படியொரு விலக்கு இல்லையாம். இல்லாவிட்டால் சேர்க்க வேண்டியதுதானே? ஒன்றேகால் மடங்கைச் சேர்க்கத் தெரிந்த கைகளுக்கு மஞ்சள் கோட்டைச் சேர்க்கத் தெரியாதா?

இப்படி விலக்குக் கொடுத்தால் சாலை போட்டவர் வங்கிக் கடனை எப்படி அடைப்பார் என்று உருகுகிறவர்கள் உண்டு. அது அவருக்கும் ஆணையத்துக்கும் உள்ள ஒப்பந்தம். வண்டி ஓட்டுகிறவன் அதில் கையெழுத்துப் போடவில்லை.

நீதிமன்றங்கள் அவ்வப்போது கண் திறக்கின்றன. மதுரவாயல்–வாலாஜா சாலை சீராகும்வரை பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திருச்சூர் பாலியேக்கரையில் 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலையே நிறுத்தியது. மேல்முறையீட்டில், 65 கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆனால் எதற்கு 150 ரூபாய் என்று உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் கேட்டார், ஆணையத்துக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. ஆனாலும் அக்டோபரில் வசூல் திரும்பிவிட்டது. இந்த உத்தரவுகளெல்லாம் சாலையின் பள்ளத்தைப் பார்த்தன; சாவடியில் நடக்கும் அடாவடியைப் பார்க்கவில்லை.

ஆந்திர உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இதைத் தாமாக முன்வந்து விசாரிக்க வேண்டும். கருவி படிக்காவிட்டால், அதே ஒன்றேகால் மடங்கைச் சாவடிக்காரர் அங்கேயே ஓட்டுநர் கையில் தரட்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போ என்று கைகாட்டக் கூடாது. எண்பது ரூபாய்க்கு எவன் வாய்தா வாய்தாவாக அலைவான்? மஞ்சள் கோடு விதிப் புத்தகத்திலேயே ஏறட்டும். அதுவரை தேசிய நெடுஞ்சாலையில் எந்தச் சாவடிக்கும் இரு மடங்கு கேட்கும் உரிமை கிடையாது.