பாடவேளைக்கு வெளியே

கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி என்றதும் லெ கார்பூசியே, லூயி கான் என்ற பெயர்களே முதலில் வந்து நிற்கின்றன. பாரிஸில் முன்னவரிடம் வேலை கற்றார்; அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் (ஐஐஎம்) கட்டப்பட்டபோது பின்னவரோடு இணைந்து உழைத்தார். 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரும் அவர்தான். ஆனால் 1962இல் அகமதாபாதில் கட்டடக்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, பத்தாண்டு கழித்து நகரமைப்புப் பள்ளியையும் சேர்த்து, வரைபலகையை விடாமலே வகுப்பும் எடுத்தாரே, அந்த ஆசிரியப் பணிதான் அவருடைய கட்டடங்களின் குணத்தைத் தீர்மானித்தது என்பது எங்கள் கருத்து.

சான்று அந்தப் பள்ளியே. பின்னாளில் செப்ட் பல்கலைக்கழகமாக வளர்ந்த அவ்வளாகத்தை 1966 முதல் பல பத்தாண்டுகள் படிப்படியாகக் கட்டினார். பூச்சில்லாத செங்கல் சுவர்கள், வெறும் கான்கிரீட், ஆடம்பரம் எதுவுமில்லை. வகுப்பறைகளுக்கு அடியில் காற்றோட்டமான நிழல்வெளியை விட்டார்; உட்காரப் படிகளும் மேடுகளும் அமைத்தார். எந்தப் பாடவேளைக்கும் ஒதுக்கப்படாத இந்த இடங்களில்தான் மாணவர்கள் ஒருவர் வரைபடத்தை ஒருவர் பார்க்கிறார்கள், வாதாடுகிறார்கள். பாடம் மணியோடு முடிவதில்லை என்பது நாள்தோறும் மாணவர் நடுவே இருப்பவருக்குத்தான் உறைக்கும். அவர் வடிவமைத்த பெங்களூர் ஐஐஎம்மில் இதே எண்ணம் பெரிதாக விரிகிறது. அங்கே கருங்கல் சுவர்களுக்கிடையே நீளும் நடைகள் ஓரிடத்தில் கூரையோடும், ஓரிடத்தில் கொடி படரும் சட்டங்களோடும், ஓரிடத்தில் திறந்தும் போகின்றன. ஃபத்தேபூர் சிக்ரியோடு மதுரைக் கோயிலும் இவ்வடிவமைப்புக்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுவதுண்டு. அந்தக் கோயிலில் நடந்தவர்களுக்கு அது வியப்பாக இராது.

இதெல்லாம் அகமதாபாத் ஆலை முதலாளிகளின் கொடையால் வந்த வசதி, மற்ற ஊர்களுக்கு ஆகாது என்பார்கள். கொடை உண்மைதான். ஆனால் பெங்களூர் வளாகம் அரசு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது; செப்டின் பொருள்களோ எளிமையானவை. சதுர அடிக் கணக்கில் தாழ்வாரம் வீண் செலவாகத் தெரியலாம். அந்தக் கணக்கில் வகுப்பறை மட்டுமே கல்வியாகிவிடுகிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை. இவற்றைவிட வலுவான மறுப்பு பிரேமாபாய் அரங்கம். அகமதாபாதின் பத்ரா கோட்டை அருகே அதே தோஷி கட்டிய அரங்கு, பல்லாண்டுகள் பூட்டியே கிடந்தது. ஆசிரியராக இருப்பது மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அரங்கு அவர் நாள்தோறும் பாடம் நடத்திய இடமல்ல. செப்டில் அப்படியில்லை, முதலில் கட்டியதை மாணவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்ததைக் கட்ட அவருக்கு வாய்த்தது. கல்லூரிக் கட்டடத்துக்கு ஆள் தேடும்போது விண்ணப்பத்தில் முன்பு கட்டியவற்றின் பரப்பளவைக் கேட்கிறார்கள். எங்கேனும் பாடம் நடத்தியதுண்டா, கட்டிக்கொடுத்த பள்ளிக்குத் திரும்பப் போய்ப் பார்த்ததுண்டா என்ற கேள்விகளையும் அந்த விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்.