மெதுவாக ஓட்டத் தெரியாதவன் கையில் எதற்கு 390 சிசி?

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகர்ந்தாலும் எனக்குக் கோபமில்லை.

போன வாரம் ஸ்பெயின்காரர் டோனி போவ் ஆளுயரப் பாறை மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றும் வீடியோ ஒன்றைப் பகிர்ந்தேன். 2007 முதல் 2024 வரை ஒரு வருடம்கூட விடாமல் ட்ரையல்ஸ் உலகச் சாம்பியன். வெளிக்களத்தில் 18 பட்டம், உள்ளரங்கில் 18 பட்டம். அதைப் பார்த்துவிட்டு மூன்று வகையான ஆட்கள் வந்தார்கள். "சார், ரிட்டயர்டு ஆன பிறகு உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்பவர்கள் ஒரு வகை. அவர்களுக்குப் பதில் கிடையாது. "இதைத்தானே நம்ம பசங்க பைபாஸில் வீலிங் என்று பண்றாங்க, அவங்களை மட்டும் திட்டுறீங்க" என்பவர்கள் இரண்டாவது. "நானும் ஆரம்பிக்கணும் சார், மூணு லட்சம் வச்சிருக்கேன், எந்த பைக் வாங்கலாம்?" என்று கேட்ட தம்பிகள் மூன்றாவது. கடைசி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் இது ரேஸ் இல்லை. இங்கே முந்தி வருகிறவன் என்று யாரும் கிடையாது. பாறை, ஓடை, மரக்கட்டை, சேறு என்று ஒரு சின்னப் பாதையை எல்லை போட்டுப் பிரித்திருப்பார்கள். செக்‌ஷன் என்று பெயர். காலைத் தரையில் ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 பாயிண்ட், இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. இந்தப் பாயிண்ட் எல்லாம் தண்டம். குறைவாக வாங்கியவன்தான் ஜெயிப்பான். முட்டை வாங்கியவன் முதல் மாணவன்! 34 வருடம் பேப்பர் திருத்திய எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை வர இந்த ஒரு விதியே போதும்.

வீலிங் செய்பவனுக்கு ஆக்சிலரேட்டர் மட்டும் தெரிந்தால் போதும், கூடவே வீடியோ எடுக்க ஒரு நண்பன். ட்ரையல்ஸ் ஓட்டுபவனுக்கு கிளட்ச், பிரேக், உடம்பு, கண் நான்கும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். ஒன்று ரோட்டில் போகிற அடுத்தவன் உயிரை வைத்துக் காட்டும் வித்தை. இன்னொன்று மூடிய இடத்தில் நடக்கப் பழகுகிற குழந்தையின் வேகத்தில் நடக்கும் பரீட்சை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

"மெதுவாகப் போவதற்கு ஒரு விளையாட்டா" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. பொங்கல் விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்ததில்லையா? கடைசியாக வருகிறவன் ஜெயிப்பான், கால் ஊன்றினால் அவுட். நம்ம ஊர்த் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு நாம் நடத்திய அந்தப் போட்டியும் ஸ்காட்லாந்து மலையில் நடக்கும் போட்டியும் பங்காளிகள். சரி, சைக்கிள் போட்டியில் கலந்துகொள்ளாதவர்கள்கூட ஒருமுறை ட்ரையல்ஸ் ஓட்டியிருக்கிறீர்கள். ஆர்டிஓ ஆபீஸில் 8 போட்ட அன்று. கால் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், மெதுவாக. அது ஒரு செக்‌ஷன்தானே!

அந்த 8-ஐ நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? நல்ல நோக்கத்தோடு வைத்த பரீட்சை. அதற்கு முதல் நாள் சாயங்காலம் பத்து நிமிடம், யாரோ ஒருவருடைய லேசான வண்டியில் பழகி, மறுநாள் அதே வண்டியில் இரண்டு சுற்று. லைசென்ஸ் கைக்கு வந்ததும் வாழ்நாளில் மறுபடி 8 போடுவதே இல்லை. கைடு வாங்கி முக்கியமான ஐந்து கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்த கதைதான். பாஸ் ஆகிவிடுவான், பாடம் தெரியாது. அப்புறம் அப்பா ஷோரூமுக்குக் கூட்டிப்போய் 390 சிசி வாங்கிக் கொடுக்கிறார்.

அப்பாமார்களே, உங்களிடம்தான் எனக்குச் சண்டை. பையனிடம் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பைக் புக் பண்ணுகிறீர்கள். 18 ஆகாத பையன் ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று 2019-இல் சட்டம் திருத்தியாகிவிட்டது. அதைக்கூட "பார்த்துக்கலாம் சார்" என்கிறீர்கள். 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு 44-க்கும் மேல் டூவீலரில் போனவர்கள்.

கணக்கை விடுங்கள். நான் பாடம் எடுத்த பையன்களில் ஐந்து பேருக்கு மாலை போட்டிருக்கிறேன். ஐந்தும் பைக். அதில் ஒருவன் வேகமாகப் போகவே இல்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். வளைவில் எம்-சாண்ட் சிந்திக் கிடந்திருக்கிறது. ஹேண்டில் திரும்பி இருக்கும்போதே பயத்தில் முன் பிரேக்கை முழுசாக அழுத்திவிட்டான். முன் சக்கரம் வழுக்கியது. பின்னால் லாரி. மணலில், திரும்பிய ஹேண்டிலோடு, முன் பிரேக்கை எவ்வளவு தொடலாம் என்று அவன் விரலுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ட்ரையல்ஸில் முதல் மாதப் பாடமே அதுதான். அதனால்தான் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன்.

இப்போது மூன்று லட்சத் தம்பிக்கு வருகிறேன். எதையும் வாங்காதே!

உண்மையான ட்ரையல்ஸ் வண்டி வேறு ஜாதி. உட்கார சீட் என்றே ஒன்று கிடையாது. எடை 70 கிலோ பக்கம். ஹேண்டில் ஏறக்குறைய முழுசாக மடங்கும். பின் டயரில் காற்று 4, 5 பிஎஸ்ஐதான். பாறையைக் கவ்விப் பிடிக்க வேண்டுமே. மோன்டேசா, பேட்டா, காஸ்காஸ், ஷெர்கோ என்று ஐரோப்பாவில் செய்கிறார்கள். இங்கே இறக்குமதிதான், ஸ்பேர் பார்ட்ஸுக்கு நாய்படாத பாடு. அதெல்லாம் உனக்கு இரண்டு வருடம் கழித்து. இப்போது வீட்டுத் திண்ணை ஓரம் அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர் நிற்கிறதா? அது போதும். சிரிக்காதே. வட அயர்லாந்துக்காரர் சாமி மில்லர் 1962-லும் 1964-லும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை ஜெயித்த ஏரியல் வண்டி, அவர் இழைத்து இழைத்துக் குறைத்த பிறகும் ஏறத்தாழ 110 கிலோ இருந்தது. உன் அப்பாவின் வண்டியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்காக அதை வைத்துக்கொண்டு பாறையில் ஏறிவிடாதே. தரைப் பாடத்துக்கு மட்டும்தான் அது.

காலி மைதானம் பார். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் போ. கண்மாய்க் கரை மேல் போகாதே. கரையைச் சிதைத்தால் மழைக்காலத்தில் ஊரே அனுபவிக்கும். ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடுகிற ஷூ மூன்றும் கட்டாயம். செருப்போடு வந்தால் நான் பக்கத்திலேயே நிற்க மாட்டேன்.

முதல் வாரம் உட்காராதே. ஃபுட்ரெஸ்ட் மேல் பாதத்தின் முன்பகுதியை வைத்து எழுந்து நில். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். கையால் ஹேண்டிலைத் தொங்கிக்கொண்டு நிற்காதே, எடை முழுவதும் காலில். முதல் கியர், ஐடிலிங், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நேர்கோட்டில் போ. கிளட்சில் ஒரு விரல், முன் பிரேக்கில் ஒரு விரல். நான்கு விரலாலும் பிடிப்பவன் பயந்த நேரத்தில் நான்கு விரல் பலத்தையும் போட்டுவிடுவான்.

அப்புறம் வட்டம். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்வார்கள். வேகமாகப் போகும்போது வண்டி சாயும் பக்கமே நாமும் சாய்கிறோம். மெதுவாகத் திரும்பும்போது கதை தலைகீழ். வண்டி உள்ளே சாயட்டும். உன் உடம்பு வெளியே இருக்கட்டும். வட்டத்துக்கு வெளிப்பக்கக் காலில் எடையைப் போடு. கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பத்தடி அகலத்தில் வட்டம் போட முடிகிறவரை அடுத்த பாடத்துக்குப் போகாதே. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு இதற்கே ஆறு வாரம் ஆனது.

பிசிக்ஸ் வாத்தியாராக ஒரு வார்த்தை. துடைப்பக்கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தியிருப்பாய். கட்டை சாயும் பக்கம் கையைக் கொண்டுபோவாய் அல்லவா? ஓடும் பைக்கும் அப்படித்தான் நிற்கிறது. சாயும் பக்கம் ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் எடைக்குக் கீழே வந்துவிடும். வேகம் இருந்தால் இது பாதி தானாக நடக்கும். வேகம் குறையக் குறைய வேலை முழுவதும் உன் தலையில் விழும். அதனால்தான் 80-இல் போகிறவனுக்கு தான் நன்றாக ஓட்டுவதாக ஒரு நினைப்பு. ஓட்டுவது அவன் இல்லை, வேகம்.

வட்டம் வந்த பிறகு நின்ற இடத்தில் நிற்பது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்து, மூன்று நொடி காலை ஊன்றாமல் நில். முடியாவிட்டால் முன் சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பழகு. மூன்று நொடி பத்தாகும். அப்புறம் கையளவு உயரக் கட்டை ஒன்றை ஏறி இறங்கலாம். வண்டியில் போகும் முன் கட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார். சாம்பியன்களும் செக்‌ஷனை முதலில் நடந்துதான் பார்க்கிறார்கள்.

மெக்கானிக் அண்ணன் திட்டுவார். "ஹாஃப் கிளட்ச் போடாதே, பிளேட் போயிடும்" என்பார். அவர் சொல்வது டிராஃபிக்கில் கிளட்சில் கையை வைத்துக்கொண்டே ஓட்டுபவனுக்கு. இந்த வண்டிகளின் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கிறது. ஐந்து நிமிடம் ஓட்டி ஐந்து நிமிடம் ஆறவிட்டால் தாங்கும். சாவகாசமாகப் போக வேண்டுமானால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவாகப் போட்டுத் தரச் சொல். அப்படியும் பிளேட் தேயத்தான் செய்யும். தேயட்டும். எலும்பைவிடப் பிளேட் மலிவு.

புல்லட் ரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவை அதிர வைப்பதுதான் பாரம்பரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புல்லட்டின் முன்மாதிரிகளை அந்தக் கம்பெனி 1948-இல் முதலில் காட்டியது ஷோரூமில் இல்லை, இங்கிலாந்தில் கோல்மோர் கப் ட்ரையல் சேற்றில். ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை ஜெயித்தது ராயல் என்ஃபீல்டில். திருவொற்றியூரில் நாம் செய்ய ஆரம்பித்தது அந்தப் பரம்பரை வண்டியைத்தான். 2019-இல் கம்பெனியே அந்த நினைவாக புல்லட் ட்ரையல்ஸ் என்று ஒன்றை இங்கே விற்றது. கொஞ்ச நாளில் நின்றுபோனது. யாரும் வாங்கவில்லை என்று கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். சத்தம் கேட்ட நமக்கு சேறு தெரியவில்லை.

"பொண்ணுங்களுக்கு இது சரிப்படுமா சார்" என்று ஒரு அம்மா தனியாகக் கேட்டிருந்தார். லாயா சான்ஸ் என்று ஸ்பெயின் பெண். பெண்கள் ட்ரையல்ஸில் பத்துக்கும் மேற்பட்ட முறை உலகச் சாம்பியன். இதற்குப் புஜ பலம் தேவையில்லை. ஸ்கூட்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்க அடுத்தவரைத் தேடுகிற பெண் பிள்ளைகள் முதலில் வர வேண்டும் என்பேன்.

கடைசியாக, எங்கள் ஊர்ப் பொங்கல் விழாக் கமிட்டித் தம்பிகளுக்கு. இந்த வருடம் ஸ்லோ சைக்கிளோடு ஸ்லோ பைக்கும் வையுங்கள். இருபது மீட்டர், நான்கடி அகலம், இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. லைசென்ஸ் இல்லாதவன் கிடையாது, ஹெல்மெட் இல்லாதவன் கிடையாது. ஒரு கால் ஊன்றினால் ஒன்று, கோட்டைத் தாண்டினால் ஐந்து. 390 சிசிக்காரர்களை முதல் வரிசையில் நிறுத்துங்கள். அவர்கள் அப்பாமார்களை மேடையில் உட்கார வையுங்கள். ஜெயிக்கிறவனுக்குப் பரிசு என் செலவு. அவன் வண்டிக்கு ஒரு செட் புது கிளட்ச் பிளேட்.