விதியா? வீதியா?

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் முதலிய ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1983-இல் அங்கு நடந்த படுகொலைக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் இம்மாதிரி முகாம்களில்தான் காலந்தள்ளி வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் சட்டசபையில் சர்க்கார் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் இத்தகைய முகாம்கள் 108. அவற்றில் இருந்தவர்கள் 58,822 பேர்.

இவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நம்மவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவர்கள் தலைவிதி" என்கிறான் ஆஸ்திகன். "அவர்களுக்குச் சுத்தம் போதாது" என்கிறான் படித்தவன். ஒருவன் பழியைக் கடவுள்மேல் போட்டான். மற்றவன் நோயாளிமேல் போட்டான். அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்தவன் மாத்திரம் இரண்டு பேர் கணக்கிலும் தப்பித்துக் கொண்டான்!

நோய்க்கு ஜாதகம் தெரியாது. குழாயில் தினமும் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். டெங்குக் கொசு அதில் முட்டையிடும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்கினால், ஒருவர் இருமலில் வரும் க்ஷயக்கிருமி அடுத்தவர் மார்பில் போய்ச் சேர எந்தக் கிரகத்தின் உத்தரவு வேண்டும்? மறைவான கக்கூஸ் இல்லாத இடத்தில் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக் கொள்ளுகிறார்கள். அதற்காகவே தண்ணீரையும் குறைத்துக் குடிக்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு வந்தால் அதற்கு மாரியாத்தாளா பொறுப்பு?

1854-இல் லண்டனில் காலரா வந்தபோது, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் செத்தவர்கள் இருந்த வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலும் ஒரே தெருக்குழாயைச் சுற்றி இருந்தன. குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பிரார்த்தனை செய்யச் சொல்லவில்லை.

நிற்க, நமக்கு இந்த வித்தை புதிதல்ல. ஊர்ச் சாக்கடை வடியும் பக்கத்தில் சேரியை வைத்தோம். பிறகு சேரி மக்களை அசுத்தர்கள் என்றோம். முகாமையும் ஊருக்கு வெளியே வைத்து அதையேதான் சொல்லுகிறோம். "தற்காலிகம்" என்று சொல்லியே சுவரும் சாக்கடையும் இல்லாமல் வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்டதற்குத் தற்காலிகம் என்று பெயரா?

2021-இல் சர்க்கார் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகவும் சொல்லி, முகாமின் பெயரையும் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றிற்று. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் வீட்டோடு வடிகாலும் தண்ணீரும் வந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்க அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. ஏனென்றால் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. 2019-இல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரை விட்டுவிட்டது. ஓட்டில்லாதவன் வீதியை எந்த மெம்பர் எட்டிப் பார்ப்பான்?

ஆகவே, ஓட்டுள்ள நாம்தான் கேட்க வேண்டும். முகாம் உள்ள ஊர்த் தோழர்கள் அடுத்த கிராம சபையில் முகாமின் சாக்கடைக்கும், குழாய்க்கும், கக்கூஸுக்கும் தீர்மானம் கொண்டு வாருங்கள். பேரூராய் இருந்தால் மெம்பரைப் பிடித்துக் கேளுங்கள். இது தர்மமல்ல, நம் சொந்த ஜாக்கிரதையுங்கூட. கொசு முகாம் வேலியோடு நின்று விடுவதில்லை.