ஒட்டகம் அவர்களுக்கு, எருமை நமக்கு



சோமாலியர்கள் எந்த நாட்டில் குடியேறினாலும் ஒட்டகப் பாலைத் தேடி வாங்குகிறார்கள். டுபாயில் அது போத்தலில் அடைத்துக் கடைக்கு வருகிறது. பழகிய ருசிதான் சந்தை.

நமக்கு அந்த ருசி மட்டக்களப்பு எருமைத் தயிர். ஒட்டகப் பால் லேசில் உறையாது. எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவீதம். சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. கொழும்புக்குப் போகிறவரிடம் சொந்தக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஆனாலும் நம்ம பிள்ளைகள் உம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டாருக்குப் போகிறார்கள். அங்கிருந்து வரும் காசு வீடாகிறது, மதிலாகிறது, மாட்டுப் பட்டியாவதில்லை.

சும்மா எருமை வாங்கினால் போதாது. பெரும்போகத்தில் வயல்களை விதைத்துவிட்டால் கால்நடைகளுக்கு இடமில்லை. மயிலத்தமடு, மாதவணைப் பக்கம்தான் ஓட்ட வேண்டும். அந்தத் தரையில் வெளியார் பயிர் செய்வதை எதிர்த்து 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள். "அது அவங்கட பிரச்சினை" என்று நம்ம ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தயிர் தின்னும்போது மட்டும் நம்முடையது!

கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் தம்பிமாரே, நாலைந்து பேர் சேர்ந்து, பட்டி பார்க்கத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களோடு பங்குக்குப் போங்கள். முதல் உங்களுடையது, உழைப்பும் அனுபவமும் அவர்களுடையது, இலாபம் பேசியபடி. முழாரபா நமக்குப் புதிதல்ல. அதற்கு முன்னால், மேய்ச்சல் தரையை எல்லை போட்டு ஒதுக்கச் சொல்லி நம்ம பள்ளிவாசல் நிர்வாகங்களும் பண்ணையாளர்களோடு சேர்ந்து கையெழுத்திட்டு மாவட்டச் செயலகத்தில் கொடுக்கட்டும். அடுத்த பெரும்போகத்துக்கு வயல் உழுமுன் அது நடக்க வேண்டும்.