தைல மரம் மட்டும்தான் குற்றவாளியா?



தர்மபுரி மாவட்டத்தின் காடுகள் கோடையில் இலை உதிர்க்கும் காடுகள். பிப்ரவரி தொடங்கி மே வரை அங்கே தரையெல்லாம் சருகுதான். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களில் இருப்பவர்களுக்குக் காட்டுத்தீ புதியதல்ல. தீ என்றதும் சிலர் தைல மரத்தை, அதாவது யூகலிப்டஸைக் கைகாட்டுகிறார்கள். "அதை வெட்டிவிட்டால் போதும்" என்கிறார்கள். போதுமா?

முதலில் குற்றச்சாட்டைக் கேட்போம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் இலையில் எண்ணெய் உண்டு. சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே, அருகில் நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்த எண்ணெய் ஆவியாகிறது. நல்லெண்ணெய் அவ்வாறு பற்ற வேண்டுமானால் 200 டிகிரிக்கும் மேல் சூடாக வேண்டும்! மரப்பட்டையோ நீளநீளமாக உரிந்து தொங்கும். எரியும் பட்டைத் துண்டுகளைக் காற்று வெகுதூரம் கொண்டுபோய்ப் புதிய இடத்தில் தீ மூட்டும்.

1843இல் நீலகிரியில் நடப்பட்ட அதே நீலப் பிசின்மர இனம், அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய ஓக்லாந்து குன்றுகளிலும் வளர்க்கப்பட்டது. 1991 அக்டோபரில் அங்கே பரவிய தீயில் 25 பேர் இறந்தனர். சுமார் 3,000 வீடுகள் அழிந்தன. முந்தைய குளிர்காலத்தின் கடும் உறைபனியில் பட்டுப்போன தைல மரங்களின் இலையும் பட்டையும் குவிந்து கிடந்தது ஒரு காரணம். ஆனால் நீண்ட வறட்சி, பலத்த காற்று, மரச்சில்லுகள் வேய்ந்த கூரைகள் ஆகியவையும் காரணங்கள்.

இப்போது நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்தது. அங்கே எரிந்தது முக்கியமாக மலைச்சரிவில் காய்ந்து நின்ற புல்!

தீ எரிய மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். எரிபொருள் எந்த மரத்திலிருந்து வந்தது என்று தீ கேட்பதில்லை. தர்மபுரிக் காடுகளில் புல்லும் சருகும் உண்ணிச்செடியும் உண்டு. தரையில் ஓடும் தீ, உண்ணிச்செடிப் புதரை ஏணியாகக் கொண்டு மரக்கிளைக்கு ஏறிவிடும். முதல் பொறியை வைப்பது பெரும்பாலும் மனிதனே. புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துவது, அணைக்காமல் எறியும் பீடித்துண்டு, தேனெடுக்க ஏந்தும் பந்தம் என்று இதற்குப் பல வழிகள்.

வெட்டிவிடுவதால் தீருமா? தைல மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் தளிர்க்கும். வெயில் படும் அந்த வெற்றிடத்தில் புல்லும் உண்ணிச்செடியும் தழைக்கும். எரிபொருள் குறைவதற்குப் பதிலாக, தீ எளிதில் எட்டும் உயரத்துக்கு இறங்கி வருகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகில் புதிதாகத் தைல மரம் நட வேண்டாம். ஏற்கெனவே இருப்பவற்றின் அடியில் சேரும் சருகையும் பட்டையையும் கோடை தொடங்குமுன்பே வாரி அகற்ற வேண்டும். அவற்றை அங்கேயே கொளுத்தக் கூடாது. கீற்றுக்கூரை வீடுகளைச் சுற்றிச் சில மீட்டர் தரை வெறுமையாக இருக்கட்டும். பறந்து வரும் ஒரு பொறி அந்தக் கூரைக்குப் போதும். காட்டோரத்தில் தீத்தடுப்புக் கோடுகளை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வேண்டும்.

செயற்கைக்கோள்கள் கண்ட காட்டுத்தீயை இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் மாநில வனத்துறைகளுக்கு அறிவித்து வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தீ பிடித்த பிறகுதான் செயற்கைக்கோளுக்குத் தெரியும். பிடிக்குமுன் பார்க்கக்கூடியவர்கள் ஊரில் இருப்பவர்களே. உங்கள் பள்ளியைச் சுற்றித் தரையில் என்ன கிடக்கிறது? இந்த வாரமே பார்த்துப் பட்டியலிட்டு, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.