கோழிக்கும் ஒரு குவளைத் தண்ணீர்



கோடை பிறந்துவிட்டால் வானிலை அறிக்கையில் அடிக்கடி இடம்பெறும் ஊர்களுள் திருத்தணியும் ஒன்று. வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்தது என்று சொல்லும்போது வேலூரோடும் சென்னை மீனம்பாக்கத்தோடும் இவ்வூரின் பெயரும் சேர்ந்தே வரும். அக்கினி நட்சத்திர நாள்களில் மலைப்பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உமிழ்கின்றன. மனிதருக்கு நிழலும் மோரும் தேடித் தரும் நாம், புறக்கடையில் வாய் பிளந்து மூச்சிரைத்து நிற்கும் கோழியை எண்ணிப் பார்க்கிறோமா? அதனைப் பற்றியே இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தை மூத்தோர் அறிவர். எல்லைக்கோடு மாறினாலும் மக்களின் நாவு மாறவில்லை. இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. கோழிக்குத் தெலுங்கில் 'கோடி' என்று பெயர். ஆகவே நான்கு கோழி வைத்திருப்பவள் நான்கு கோடிக்கு அதிபதி என்று நம் பங்குமக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவ்வேடிக்கைக்குள் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. நிலம் கணவன் பெயரில் இருக்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கலாம். புறக்கடைக் கோழியோ பெரும்பாலும் இல்லத்தரசியின் கைப்பொருள். முட்டை விற்ற காசு பிள்ளையின் குறிப்பேடாகும், அரக்கோணத்துக்குப் பேருந்துக் கட்டணமாகும், காய்ச்சலுக்கு மருந்தாகும். அதற்காக அவள் எவரிடமும் கையேந்த வேண்டுவதில்லை. ஒரு சித்திரை நண்பகலில் ஐந்து கோழிகள் சுருண்டு விழுந்தால் அது செய்தித்தாளில் வராது. ஆனால் அவ்வீட்டில் ஓர் ஆண்டின் சிறுசேமிப்பு அன்றோடு அழிந்துபோகிறது.

நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் இதைக் குறித்து நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "சாமி, குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று பிடித்து வருகிற தண்ணீர். பிள்ளைகளுக்கே அளந்து ஊற்றுகிறேன். கோழிக்குக் கொட்டினால் பாவமில்லையா?" எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. நாமும் அவருக்கு உபதேசம் செய்யாமல் கணக்கையே எடுத்து வைத்தோம்.

வளர்ந்த கோழி ஒன்று சாதாரண நாளில் ஏறக்குறைய கால் லிட்டர் நீர் அருந்தும். கடுங்கோடையில் அது இரு மடங்காகலாம். பத்துக் கோழிக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோழிக்கு வியர்ப்பதில்லை. வாய் திறந்து மூச்சிரைத்து, உடலின் நீரை ஆவியாக்கியே அது தன் சூட்டைத் தணிக்கிறது. முட்டையின் உள்ளீட்டிலும் முக்கால் பங்கு நீரே. ஆகவே நீர் குறைந்தால் முதலில் தீனி குறையும், பிறகு முட்டை நிற்கும், இறுதியில் உயிரே போகும்.

அவ்வம்மையார் ஊற்றிய நீரில் கோழி குடித்தது எவ்வளவு? அகன்ற தட்டில் ஊற்றினார். ஒரு கோழி அதில் ஏறி நின்றது. இன்னொன்று கிளறிக் கவிழ்த்தது. எச்சம் விழுந்ததால் மீதியைக் கீழே கொட்ட நேர்ந்தது. பாதிக்கு மேல் மண்ணுக்கே போயிற்று. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. ஆனால் ஆழமான தண்ணீர்ப் பாத்திரத்தில் விழுந்து குஞ்சு சாகும். எனவே நீரைக் குறைப்பது வழியன்று. பாத்திரத்தை மாற்றுவதே வழி.

கடையில் விற்கும் குடிநீர்க் கலத்தை வீட்டிலேயே செய்யலாம். மளிகைச் சாமான் வைக்கும், திருகு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், அதைவிட நான்கைந்து விரல் அகலம் கூடுதலான தட்டு ஒன்றும் போதும். தட்டின் விளிம்பு இரண்டு விரல் உயரம் இருக்கட்டும். டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் தட்டின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் வருமாறு, மூடிக்குச் சற்று மேலே ஒரு துளை இடுக. துளையை விரலால் அடைத்து நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தட்டின் நடுவே கவிழ்த்து வைத்து விரலை எடுங்கள். நீர் வழிந்து துளையை மூடும் அளவுக்கு உயர்ந்ததும் தானே நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்கக் காற்று உட்புகுந்து, குறைந்த அளவுக்கு மட்டும் நீர் இறங்கும். துளை தட்டின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. உயர்ந்திருந்தால் நீர் முழுவதும் வெளியே வழிந்துவிடும். டப்பாவில் வேறெங்கும் கீறல் இருத்தலும் ஆகாது.

கவிழ்ந்த டப்பாவில் நீர் நிற்பது எதனால்? தட்டிலுள்ள நீரை வெளிக்காற்று அழுத்திக்கொண்டிருப்பதனால். காற்றுக்கு இத்தகைய அழுத்தம் உண்டு என்பதை இத்தாலிய அறிஞர் தொரிச்செல்லி 1643ஆம் ஆண்டளவில் பாதரசக் குழாயைக் கொண்டு விளங்க வைத்தார். அவருக்கு ஆசானாக விளங்கிய காஸ்தெல்லி ஓர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. ஏறத்தாழ பத்து மீட்டர் உயர நீரைத் தாங்கவல்ல அவ்வழுத்தத்துக்கு நம் டப்பா எம்மாத்திரம்! பள்ளிப் பிள்ளைகள் பாடநூலில் படிப்பதைப் புறக்கடையில் கண்ணாரக் காணட்டும்.

இக்கலத்தை எப்போதும் நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நீரை வெளியே தள்ளிவிடும், பாசியும் படியும். வெந்நீரைக் கோழி விரும்பாது. இரண்டு செங்கல் அடுக்கித் தட்டின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றினால் குப்பை விழாது. குஞ்சுகளுக்கு மட்டும் தரையிலேயே, நடுவில் கூழாங்கற்கள் இட்ட ஆழமில்லாத மண்சட்டி போதும். மண்சட்டி நீரைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும்.

இன்னும் சிலர் பழைய பெயிண்ட் வாளியை நன்கு கழுவி, அதன் அடியில் கோழிப் பண்ணைகளில் பயன்படும் நிப்பிள்களைப் பொருத்தித் தொங்கவிடுகின்றனர். கோழி கழுத்தைச் சற்று நீட்டி அலகால் தட்டினால் துளித்துளியாக நீர் வரும். எச்சம் கலக்க வழியே இல்லை. ஆனால் வாளி மூடியில் காற்றுத்துளை ஒன்று இல்லாவிடில் நீர் இறங்காது. நிப்பிள் அடைத்துக்கொண்டாலும் வெளியே தெரியாது. ஆகவே நாள்தோறும் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

எந்தக் கலமாயினும் தினமும் கழுவுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோயும் இரத்தக்கழிச்சலும் எச்சம் கலந்த நீரின் வழியே பரவும். தேங்கிய நீரில் கொசுவும் பெருகும். இராணிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து அரசு கால்நடை மருந்தகத்தில் கிடைக்கிறது. அம்மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்க நேர்ந்தால், குளோரின் கலந்த குழாய்நீர் மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும் என்பதை மறவாதீர்கள். கிணற்று நீரே ஏற்றது.

அவ்வம்மையாரின் பத்து வயது மகன் இப்போது காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் டப்பாவைக் கழுவி நிரப்புகிறான். கோழிகளும் பிழைத்தன, குடத்துத் தண்ணீரும் மிச்சமாயிற்று. தன்னை நம்பியிருக்கும் ஓர் உயிர் உண்டு என்ற உணர்வை எந்தப் பாடநூலும் அவனுக்கு இவ்வளவு நன்றாகக் கற்பித்திருக்க முடியாது.

எருசலேமைக் கண்டு மனம் வெதும்பிய ஆண்டவர், தம் அன்பை விளக்கச் சிங்கத்தையோ கழுகையோ உவமை கூறவில்லை. குஞ்சுகளைச் சிறகினுள் சேர்க்கும் தாய்க்கோழியையே கூறினார். சிறியோர்க்கு அளிக்கும் ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்றவரும் அவரே. அச்சொல் மனிதரைக் குறித்தது என்பதை நாம் அறிவோம். எனினும் வாயில்லா உயிரின் தாகத்தைக் கண்டுகொள்ளாத கை, அண்டை வீட்டாரின் தாகத்துக்கு எளிதில் நீளுமா? இந்தக் கோடையில் உங்கள் புறக்கடையை ஒருமுறை சென்று பாருங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றை அண்டி வாழும் உயிர்களையும் ஆசீர்வதிப்பாராக.