ஆரஞ்சு ஜூஸும் கைவிலங்கும்

1984 நவம்பரில் ஒரு நாள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஷார்லட் நகரம். டெத்தோர்ன் கிரஹாம் என்பவர் சர்க்கரை நோயாளி. இன்சுலினால் தலை சுற்ற ஆரம்பிக்கிறது. உடனே ஏதாவது இனிப்பு உள்ளே போயாக வேண்டும். நண்பரின் காரில் ஏறி, ஆரஞ்சு ஜூஸ் வாங்க ஒரு கடைக்குப் போகிறார். உள்ளே நீண்ட வரிசை. நின்றால் தாங்காது என்று வேகமாக வெளியே வந்து, வேறொரு நண்பர் வீட்டுக்கு வண்டியை விடச் சொல்கிறார்.

நுழைந்த வேகத்தில் ஒருவர் வெளியே வந்ததைப் பார்த்த கானர் என்ற போலீஸ்காரருக்குச் சந்தேகம். பின்னாலேயே போய் காரை நிறுத்துகிறார். இதுவரை அவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் திருடிவிட்டு ஓடுபவனும் அப்படித்தானே வருவான்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். கிரஹாம் காரிலிருந்து இறங்கி, காரையே இரண்டு முறை சுற்றி ஓடி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மயங்கிவிடுகிறார். உதவிக்கு வந்த போலீஸார் அவரைப் புரட்டிப் போட்டு, கைகளைப் பின்னால் இறுக்கி விலங்கு மாட்டுகிறார்கள். சர்க்கரை ஏதாவது கொடுங்கள் என்று கூட வந்த நண்பர் கெஞ்சுகிறார். குடிபோதை என்கிறார் ஒரு போலீஸ்காரர். நினைவு திரும்பிய கிரஹாம், சர்க்கரை நோய்க்கான அடையாளம் பர்ஸில் இருக்கிறது, பாருங்கள் என்கிறார். வாயை மூடச் சொல்லி, முகத்தைக் கார் பானெட்டில் அழுத்துகிறார்கள். அப்புறம் நாலு பேர் தூக்கி, தலை முன்னால் போக போலீஸ் காருக்குள் எறிவது போல எறிகிறார்கள். இன்னொரு நண்பர் ஆரஞ்சு ஜூஸே கொண்டு வந்துவிட்டார். கொடுக்க விடவில்லை. கடைசியில் கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தகவல் வர, வீட்டில் கொண்டு போய் விட்டார்கள். அதற்குள் ஒரு பாதம் உடைந்திருந்தது.

இந்த வழக்கில்தான் 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பலப்பிரயோகம் எப்போது அத்துமீறல் ஆகிறது என்பதற்கு இன்றுவரை பயன்படும் அளவுகோலைத் தந்தது. போலீஸ்காரரின் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்பது கேள்வியே அல்ல. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், நியாயமான ஒரு போலீஸ்காரர் அப்படிச் செய்திருப்பாரா? குற்றம் எவ்வளவு பெரியது, உடனடி ஆபத்து உண்டா, அவர் எதிர்க்கிறாரா அல்லது ஓடப் பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டும். நொடியில் முடிவெடுக்க வேண்டியவரைச் சாவகாசமாக உட்கார்ந்து பின்னாளில் எடைபோடக் கூடாது.

நியாயமான பேச்சுதான். இருட்டில் எதிரே நிற்பவன் கையில் இருப்பது கத்தியா செல்போனா என்று தெரியாமல் நிற்கும் போலீஸ்காரருக்கு இந்தச் சலுகை வேண்டும். ஆனால் 'நொடி' என்ற அந்த வார்த்தை நிமிடக்கணக்கில் நீட்டப்படுவதுதான் கோளாறு. விலங்கு மாட்டியாகிவிட்டது, சுற்றி நாலைந்து போலீஸார். ஜூஸைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் என்ன நொடிப்பொழுது அவசரம்? விலங்கு மாட்டிய பிறகும் உதைக்கிறவர்கள், கடிக்கிறவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. அப்படியானால் அந்த உதை நிற்கும் வரை பிடிக்கலாம். எதிர்ப்பு நின்ற பிறகு விழும் ஒவ்வொரு அடியும் கைது அல்ல, தண்டனை. அதைக் கொடுக்கும் வேலை போலீஸுடையது இல்லை.

2020 மே 25 அன்று மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு விஷயத்திலும் இதே கதைதான். கள்ள 20 டாலர் நோட்டு கொடுத்தார் என்று புகார். காரில் ஏற்றும்போது தள்ளுமுள்ளு இருந்தது உண்மை. ஆனால் அவர் விலங்கோடு குப்புறக் கிடக்க, டெரக் சாவின் முழங்காலால் அழுத்தியது 9 நிமிடம் 29 விநாடி. பக்கத்தில் புரட்டிப் போடலாமா என்று கூட இருந்த போலீஸ்காரரே கேட்டார். வேண்டாம் என்றார் சாவின். நாடித்துடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் முழங்கால் எழவில்லை. எதிர்ப்பு நின்றபோதே அதுவும் நின்றிருக்க வேண்டும் என்று 2021-ல் அந்த ஊர் போலீஸ் தலைவரே கோர்ட்டில் சாட்சி சொன்னார். சாவின் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதற்கு ஒரு வீடியோ தேவைப்பட்டது...

கிரஹாமுக்கு வீடியோ இல்லை. உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. அவர் பெயரால் வந்த அளவுகோலை வைத்தே மறுபடி விசாரித்தார்கள். ஜூரி போலீஸார் பக்கம் தீர்ப்புச் சொன்னது.